மருந்தறைக் குரல்

கைப்பேசியில் ஓடிய காணொளியில் வெளிநாட்டுப் பெண்ணொருத்தி மரப்பெட்டியொன்றின் மீது தூரிகையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். ஆயினும் அடுப்படியில் நின்றிருந்த முத்துமாரியின் செவியில் விழுந்தது உள்ளங்கையின் ஓசை. நெருக்கி அடுக்கப்பட்ட காகிதக் குழாய்களின் வாய்களின் மீது வெடிமருந்தைப் பரப்பி, அதனை வெறுங்கையால் தடவித் தடவி உள்ளே இறக்கும்போது எழும் ஓசை அது; மாவு சலிப்பதைப் போலத் தொடங்கி, குழாய்கள் நிறைய நிறையக் கனத்து, மணலின் மீது ஈரத்துணி இழுபடுவதைப் போல முடிவது. பட்டாசு ஆலையின் மருந்தறைக்குள் அமர்ந்து வேலை செய்தவர்களன்றி வேறெவரும் அதனை அறிந்திருக்க இயலாது. முத்துமாரி நாரணாபுரத்துக் கம்பெனி ஒன்றில் பல ஆண்டுகள் அவ்வேலையைச் செய்தவள்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் ரோஷினி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலையணையோரம் கைப்பேசி சாய்ந்திருந்தது. திரையில் தூரிகை, இப்போது கேட்டதும் தூரிகையின் ஓசையே. மறைக்காமல் நகரும்படி மகள் அரைத்தூக்கத்தில் முனகினாள். முத்துமாரி அடுப்படிக்குத் திரும்பினாள். அவள் முதுகைக் காட்டியதும் உள்ளங்கை மீண்டும் தடவத் தொடங்கியது.

அத்தகைய காணொளிகளை வீட்டிற்குள் கொண்டுவந்தவன் அவளுடைய கணவன் செல்வக்குமார். திருத்தங்கலில் உள்ள அச்சகமொன்றில் அவன் நான்கு வண்ண இயந்திரத்தை ஓட்டி வந்தான். தீபாவளி முடிந்து பட்டாசு லேபிள்களின் ஆர்டர் தீர்ந்தவுடன் காலண்டர் சீசன் தொடங்கிவிடும். அதன்பிறகு அவ்வியந்திரத்திற்கு ஓய்வென்பதே கிடையாது. வேலை முடிந்து வீடு வந்த பின்னும் அதன் இரைச்சல் அவனுடைய மண்டைக்குள் சுழன்றுகொண்டே இருக்கும். சோற்றைப் பிசைந்து உண்பவளையும், தலைவாரும் சீப்பை நகத்தால் சுரண்டுபவளையும், காதருகே வாயை வைத்துக் காற்றாகப் பேசுபவளையும் அவன் மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டு கிடந்தான்.

"தலைக்குள்ள மெஷினு ஓடிக்கிட்டே இருக்கு மாரி. இவுக பேசுனாத்தான் யாரோ உள்ள போயி சுவிட்ச ஆஃப் பண்ணுன மாதிரி இருக்கு" என்று அவன் ஒருமுறை அதற்கு விளக்கம் கூறினான்.

எதிர்வீட்டுப் பெர்சிஸும் அவற்றுக்கு அடிமையே. அவள் மருத்துவமனையொன்றில் தீக்காயப் பிரிவின் செவிலி. பொழுதெல்லாம் நூறு குரல்கள் தன்னிடம் தண்ணீரையும் மருந்தையும் மன்னிப்பையும் கேட்டுக்கொண்டே இருப்பதாகவும், தன்னிடம் எதையுமே கேளாத ஒரே குரல் இதுதான் என்றும் அவள் சொல்லுவாள். அதில் உண்மை இருந்தது. முத்துமாரியும் அதனை மறுக்கவில்லை.

ஆனால் அவளால் அக்குரல்களைச் சகிக்க முடியவில்லை. உதடுகள் ஈரத்தோடு ஒட்டிப் பிரியும் ஓசை கேட்டாலே அவளுடைய பிடரியிலிருந்து முதுகெலும்பின் வழியாக எறும்புகள் இறங்கின. முகம் தெரியாத ஒருத்தி தன் கழுத்தருகே குனிந்து நிற்பதாகத் தோன்றியது. அருவருப்பு என்று கணவனிடம் கூறினாள். அது அச்சம் என்பதை அவள் கூறவில்லை.

மருந்தறைக்குள் எவரும் உரத்துப் பேசுவதில்லை. சட்டத்தில் அவ்வாறு எழுதப்பட்டிருந்ததா என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் காலையில் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, வளையல்களையும் சேலைக் குத்தூசியையும் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலுடன் அந்த வாசலைத் தாண்டும் ஒவ்வொரு பெண்ணும் தன் குரலையும் வெளியே விட்டுச் சென்றாள். உரக்கப் பெயர் சொல்லி அழைத்தால் கேட்பவளின் கை துணுக்குறும். துணுக்குற்ற கை மருந்தின் மீது உரசும். ஓர் உரசல் போதும். ஆகையால் குழந்தையின் காய்ச்சலையும் மாமியாரின் கொடுமையையும் போர்மேனின் வழுக்கையையும் அவர்கள் காற்றாகவே பேசிக்கொண்டார்கள். அப்பழக்கம் வீடு வரைக்கும் தொடர்ந்து வந்தது. அவளுக்கு அடுத்த இடத்தில் அமரும் பத்திரகாளி வேனில் ஒருநாள், "நான் மெல்லப் பேசுனா எங்க மாமியாவுக்கு வேர்க்குது. நான் என்னமோ திட்டம் போடுறேனாம்" என்று கூற, வேனே சிரித்து அடங்கியது.

சென்ற சித்திரையில், கைகளைக் கழுவுவதற்காக முத்துமாரி தொட்டிக்குச் சென்றிருந்த பொழுதில், அந்த அறை இல்லாமற் போயிற்று.

இடிபாடுகளுக்குள்ளிருந்து எவரும் அலறவில்லை. அதனையே அவளால் மறக்க இயலவில்லை. புகையும் வெள்ளி நிறத் தூளும் அடங்கியபோது, கற்களுக்கு அடியிலிருந்து பத்திரகாளியும் மற்றவர்களும் மெல்லப் பேசினார்கள். அவளுடைய பெயரைச் சொன்னார்கள். பொறுமையாக, அவசரமின்றி, அன்றாடம் பேசுவதைப் போலவே. தொண்டை வெந்துபோனால் குரல் அவ்வாறுதான் வரும் என்று பெர்சிஸ் பின்னொரு நாள் விளக்கினாள். முத்துமாரி அதனை நம்ப முயன்றாள். ஆனால் அவர்கள் இன்னும் மருந்தறைக்குள் இருப்பதாகவே கருதினார்கள் என்றும், அதனாலேயே குரலை உயர்த்தவில்லை என்றும் அவளுடைய உள்ளம் சொன்னது. பிறகு கற்களை அகற்றும் இயந்திரம் வந்தது. அதன் இரைச்சலில் அக்குரல்கள் மூழ்கின. அதனை நிறுத்துமாறு அவள் கெஞ்சினாள். எவருக்கும் அது கேட்கவில்லை. இயந்திரம் நின்றபோது, அடியில் பேசுவதற்கு எவரும் மிஞ்சியிருக்கவில்லை.

அதன்பின் அவள் வேலைக்குச் செல்லவில்லை. ரோஷினியோ உறக்கத்தை இழந்தாள். காயக்கட்டுகளோடு வீடு வந்த தாயைக் கண்ட நாள்முதல், தெருவில் ஒரு தட்டு விழுந்தாலும் எழுந்து உட்கார்ந்து, விடியும்வரை விழித்திருந்தாள். பள்ளியில் மயங்கி விழுந்தாள். இறுதியில் தந்தையின் கைப்பேசி அவளை உறங்க வைத்தது. அந்தக் காரணத்தினாலேயே முத்துமாரி தன் பிடரியில் இறங்கும் எறும்புகளைப் பொறுத்துக்கொண்டாள். மகள் உறங்கினாள், அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து மகள் அளவுக்கு மீறி உறங்கினாள்.

முதலில் பள்ளி ஆட்டோவைத் தவறவிட்டாள். பின்னர் மாலையில் சீருடையைக் கழற்றுவதற்குள் உறங்கிப் போனாள். எழுப்புவது நாளுக்கு நாள் கடினமாயிற்று. தோளைப் பிடித்து உலுக்கினாலும் தலை ஒருபுறம் சாய்ந்து மறுபுறம் விழும். முத்துமாரி பெயர் சொல்லி அழைத்தால் இமைகூட அசையாது. செல்வக்குமார் வாசலில் நின்று, "ஏ பாப்பா, எந்திரிம்மா" என்று அதட்டினால்தான், மிக ஆழமான கிணற்றின் அடியிலிருந்து மேலே வருபவளைப் போல, நீண்ட நேரம் கழித்து அவளுடைய கண்கள் திறக்கும்.

ஒருநாள் உறங்கும் மகளின் அருகே அமர்ந்து கூந்தலைக் கோதிக்கொண்டிருந்தபோது, முத்துமாரி அந்த ஓசையைக் கேட்டாள். கைப்பேசி அணைந்திருந்தது. மாவு சலிப்பதைப் போன்ற ஓசை. அவள் கூரையைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், பிறகு பாயைப் பார்த்தாள். ரோஷினியின் வலக்கை நீண்டிருந்தது. விரல்கள் சேர்ந்து, மணிக்கட்டு சற்றே உயர்ந்து, உள்ளங்கை பாயின் கோரைகளின் மீது வட்டமாகத் தடவிக்கொண்டிருந்தது. விளிம்பிலிருந்து நடுவுக்கு. நடுவிலிருந்து விளிம்புக்கு. அழுத்தமின்றி. உரசலின்றி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த லாகவம் கைவருவதற்குச் சில மாதங்கள் ஆகும். மருந்தறையின் வாசலைக்கூடக் கண்டிராத சிறுமி அவள்.

முத்துமாரி அந்தக் கையைப் பற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது குளிர்ந்திருந்தது. மடியின் மீதும் தடவியது.

உள்ளூர் மருத்துவர் பரிசோதித்து, பழைய தூக்கக் கடனை உடல் தீர்த்துக்கொள்கிறது என்றும், சத்து மருந்து போதும் என்றும் கூறி அனுப்பினார். பெர்சிஸ் அவ்வளவு எளிதில் சமாதானம் அடையவில்லை. பணி முடிந்து வந்தவள் ரோஷினியின் அருகே குனிந்து, மார்பின் ஏற்ற இறக்கத்தை வெகுநேரம் கவனித்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் அவளுடைய புருவம் சுருங்கியது. பெரிய மருத்துவமனையில் காட்டுவது நல்லது என்று மட்டும் சொன்னாள். விடைபெறும்போது வாசலில் நின்று திரும்பினாள்.

"அக்கா, நீங்க ஏன் இப்பல்லாம் இம்புட்டு மெதுவாப் பேசுறீக? பக்கத்துல வந்தாத்தான் கேக்குது."

முத்துமாரி வியப்புற்றாள். தன் குரல் தனக்குத் தெளிவாகவே கேட்டது. முந்தின நாள் மளிகைக் கடைக்காரர் துவரம்பருப்பு என்பதை மூன்று தடவை சொல்லச் செய்ததும், பால்காரர் காதைக் கையால் குவித்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. அவள் அதற்குப் பொருள் எதையும் கற்பிக்கவில்லை. வெடியோசைக்கும் அச்சு இயந்திரத்திற்கும் நடுவில் வாழும் ஊரில் செவிகள் மந்தமாவது இயல்பே.

அன்று அவள் முடிவெடுத்தாள். கைப்பேசி இனிமேல் மகளின் தலைமாட்டில் இருத்தல் கூடாது. செல்வக்குமார் மறுத்துப் பேசவில்லை. மகளின் மூச்சைக் கண்ட பின் அவனுக்கும் அச்சம் பிறந்திருந்தது. மறுநாள் அவன் கைப்பேசியை அச்சகத்திற்கே எடுத்துச் சென்றுவிட்டான். வீட்டில் தொலைக்காட்சி பழுதாகிக் கிடந்தது. முத்துமாரியிடம் இருந்தது பொத்தான்கள் கொண்ட பழைய கருவி. அதில் எதுவும் ஓடாது. அவ்வாறாக அக்குரல்களுக்கு அந்த வீட்டிற்குள் நுழைய ஒரு வழியும் இல்லாமற் போயிற்று.

மாலையில் ரோஷினி எவ்வுதவியும் இன்றி உறங்கிப் போனாள். முத்துமாரிக்கு மனம் நிறைந்தது. கத்தரிக்காயை நறுக்குவதற்காக அரிவாள்மணையின் முன் அமர்ந்தாள். வெளியே தூறல். தகரக் கூரையின் மீது நீர்த்துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அந்த ஓசை இனிமையாக இருந்தது. அத்தனை இனிமையான ஓசையை அவள் வெகுநாளாகக் கேட்டதில்லை.

பிறகு கருகல் நாற்றம். குழம்புச் சட்டியில் நீர் முழுவதும் வற்றி, புளி அடிப்பிடித்துக் கரிந்திருந்தது. கத்தரிக்காய்கள் நறுக்கப்படாமல் கிடந்தன. இருட்டிவிட்டிருந்தது. அவளுடைய நா வறண்டு, நெடுநேரம் பேசியவளைப் போல உதடுகள் உலர்ந்திருந்தன. தானும் கண்ணயர்ந்துவிட்டதாக எண்ணி, சட்டியைத் தேய்க்கப் போட்டாள்.

அடுத்த நாள் காலையில் ரோஷினி எழவில்லை. தண்ணீர் தெளித்தார்கள். எழவில்லை. செல்வக்குமாரின் அதட்டல் கெஞ்சலாகி, கெஞ்சல் அலறலாகி, தெருவே கூடிய பிறகுதான் அவள் கண்விழித்தாள். விழித்தவள் அழவில்லை. எதற்காகத் தன்னை எழுப்பினார்கள் என்பதைப் போலத் தாயையே பார்த்தாள்.

மறுநாள் விடியலில் மதுரைக்கு அழைத்துச் செல்வதென்று தீர்மானித்தார்கள். செல்வக்குமாரால் அன்று விடுப்பெடுக்க முடியவில்லை. காலண்டர் லோடு அன்றே ஏற வேண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவதாகக் கூறிச் செருப்பை மாட்டியவன், மீண்டும் உள்ளே வந்து மகளின் கன்னத்தைத் தொட்டான்.

"நான் வர்ற வரைக்கும் தூங்க விடாத மாரி. என்ன ஆனாலும் சரி. இன்னொரு தடவ தூங்குனா…" என்று தொடங்கியவன் சட்டென்று படியிறங்கினான்.

அவள் தூங்க விடவில்லை. வாசலில் நடக்க வைத்தாள். வாய்ப்பாடு ஒப்பிக்கச் செய்தாள். முகத்தில் நீரை அறைந்தாள். கண்கள் செருகியபோதெல்லாம் கன்னத்தைக் கிள்ளினாள். பிற்பகலில் பெர்சிஸ் மாலைப் பணிக்குப் புறப்பட்டவள், குடையை விரித்தபடி எட்டிப் பார்த்தாள். கைப்பேசியை அப்புறப்படுத்தியது நல்ல காரியம் என்றாள். பிறகு அவளுடைய முகத்தில் ஒரு கனிவு படர்ந்தது.

"ஆனா நேத்து நீங்களே அவ காதுல பேசுனீகளே அக்கா, அது அந்த வீடியோவ விட நல்லா இருந்துச்சு. பாப்பா தலமாட்டுல உக்காந்துக்கிட்டு. சன்னல் வழியாக் கேட்டுச்சு. மழைல நின்னுக்கிட்டே கேட்டேன்னா பாத்துக்கோங்க. அப்படியே கண்ணக் கட்டிருச்சு."

முத்துமாரிக்கு அப்படி எதுவும் நினைவில்லை. தான் பேசியது என்ன என்று பெர்சிஸிடம் கேட்டாள்.

"என்னமோ வேல சொல்லிக் குடுக்குற மாதிரி. பைய, பைய, அழுத்தாத, தடவு, அவுகளுக்கும் எடம் விடு… அப்படின்னு. உங்க குரலு மாதிரியே இல்ல. இப்பக்கூட நீங்க பேசும்போது" என்று நிறுத்திய பெர்சிஸ், வெட்கத்துடன் கொட்டாவி ஒன்றை அடக்கினாள். நேரமாகிவிட்டதென்று கூறிவிட்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

முத்துமாரி வீட்டிற்குள் சென்று, முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நின்றாள். வாய் திறந்து தன் பெயரைச் சொன்னாள். கண்ணாடியில் உதடுகள் அசைந்தன. செவியில் விழுந்தது காற்று. உரக்கச் சொன்னாள். கழுத்து நரம்புகள் புடைத்தன. காற்று. அந்தக் காற்றுக்குள் வேறொருத்தியின் மூக்கடைத்த மென்மை இருந்தது. வேனில் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்தவளின் மென்மை.

பின்னால் ஏதோ சரிந்தது. திரும்பினாள். ரோஷினி சுவரோடு சாய்ந்து, நின்ற நிலையிலிருந்து மெதுவாகத் தரைக்கு வழுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தில் நிம்மதி.

முத்துமாரி தாவிப் பிடித்தாள். உலுக்கினாள். கிள்ளினாள். இமைகள் ஒருமுறை நடுங்கித் திறந்தன. மகள் மீண்டும் நின்றாள். அக்கணத்தில் முத்துமாரி தன் சேலை முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, பற்களால் கடித்துக்கொண்டாள். பேச மாட்டாள். கணவன் வரும்வரை ஒரு சொல்லும் பேச மாட்டாள். மகளை நாற்காலியில் அமர்த்திவிட்டு, அறையின் மறுகோடியில் சுவரோரம் அமர்ந்து, அவளுடைய திறந்த கண்களின் மீது தன் கண்களை நிறுத்தினாள். மழை வலுத்தது. பகலிலேயே வானம் கரிய நிறம் கொண்டது. மின்சாரம் நின்றது. மங்கிய வெளிச்சத்தில் மகளின் கண்கள் இரண்டு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. அவை திறந்திருந்தன. தகரத்தின் மீது மழை சலித்தது. தடவியது. இழுபட்டது.

வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

வெள்ளைப் புள்ளிகள்.

முத்துமாரியின் வாயில் துணி இல்லை.

அது அவளுடைய மடியில், நான்காக மடிக்கப்பட்டு, நேர்த்தியாக வைக்கப்பட்டிருந்தது. அவள் சுவரோரம் இல்லை. பாயில், மகளின் தலைமாட்டில் அமர்ந்திருந்தாள். மகள் நீட்டிப் படுத்திருந்தாள். அவளுடைய உதடுகள் மகளின் காதுமடலைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவை அசைந்துகொண்டிருந்தன.

அவள் பின்வாங்கினாள். உதடுகளை உள்ளே இழுத்துக் கடித்தாள். இரத்தம் உப்புக் கரித்தது.

அமைதி.

மகளின் மார்பு அசையவில்லை.

முத்துமாரி காத்திருந்தாள். மழை பெய்தது. மார்பு அசையவில்லை. தன் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது. மார்பு அசையவில்லை. அவளால் பொறுக்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது. மகளின் பெயரைச் சொன்னாள். காற்றாக.

மார்பு உயர்ந்தது. நீண்டு, நிதானமாக, ஒரு மூச்சு. பிறகு தாழ்ந்தது. அப்படியே நின்றது.

மீண்டும் பெயர். மீண்டும் ஒரு மூச்சு. முன்னதைவிடத் தாமதமாக வந்தது.

அவளுக்குப் புரிந்தது. பேசினால் மகள் ஆழத்திற்குச் செல்கிறாள். பேசாவிட்டால் மூச்சே இல்லை.

தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று எழுந்தாள். மகளின் அக்குளில் கை கொடுத்தாள். சிறுமி பாயோடு பதிந்திருந்தாள். கற்களுக்கு அடியில் இருப்பவளைப் போலக் கனத்தாள். முத்துமாரி அடுப்படிக்கு ஓடி, எவர்சில்வர் குடத்தை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தாள். அது பஞ்சு மூட்டையைப் போல விழுந்தது. கதவை அறைந்தாள். நகத்தால் மரத்தைத் தட்டுவதைப் போன்ற ஓசை. தட்டு. கரண்டி. அம்மிக் குழவி. ஒன்றும் ஒலிக்கவில்லை. எல்லாம் தடவின. எல்லாம் மெல்லப் பேசின. தெருக்கதவைத் திறந்து மழையை நோக்கி வாயைப் பிளந்தாள். தொண்டை கிழிந்தது. காற்று.

உள்ளே மூச்சு நின்றிருந்தது.

திரும்பி ஓடினாள். காதருகே குனிந்தாள். எந்திரி தாயி. எந்திரி. அம்மா கூப்பிடுறேன், எந்திரி. அவளுடைய சொற்கள் அவளுக்குள்ளிருந்து சரியாகவே புறப்பட்டன. பற்களைக் கடந்ததும் அவை வேறாயின. பைய. பைய. இன்னும் கொஞ்சம். எடம் இருக்கு, வா.

மூச்சு.

நெடிய இடைவெளி.

மூச்சு.

வாசலில் மிதிவண்டி சாய்த்து வைக்கப்படும் ஓசை. செருப்புகள். அவளுடைய உடல் முழுவதும் அத்திசையில் திரும்பியது. செல்வக்குமார் வந்துவிட்டான். தலையிலிருந்து நீர் சொட்ட, நிலைப்படியில் கையூன்றி நின்றான். படுத்திருக்கும் மகளைக் கண்டதும் அவனுடைய முகம் வெளிறியது. பெயர் சொல்லிக் கத்துவதற்கு வாயைத் திறந்தான். அதே கணத்தில் முத்துமாரியும் அவனை நோக்கிக் கதறினாள். கத்துங்க, என்னால முடியல, நீங்க கத்துங்க.

அவனுடைய வாய் திறந்தபடியே நின்றது. தோள்கள் தளர்ந்தன. நெற்றியில் விழுந்திருந்த கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு, மிகவும் களைத்தவனைப் போல, மெதுவாகத் தரையில் அமர்ந்தான்.

"நிறுத்திராத மாரி" என்றான். "அப்படியே சொல்லிக்கிட்டே இரு."

அவனுடைய தலை சாய்ந்தது.

முத்துமாரி மகளின் மார்பைப் பார்த்தாள். அது அசையவில்லை. அவள் பேசினாள். அது உயர்ந்தது. அவள் அழுதுகொண்டே பேசினாள். அழுகையும் அந்த மென்மைக்குள் கரைந்து, அதற்கு மேலும் இனிமை சேர்த்தது. சன்னல் கம்பிகளுக்கு அப்பால் ஏதோ அசைவதை உணர்ந்து நிமிர்ந்தாள்.

தெருவார் நின்றிருந்தார்கள். குடையின்றி, மழையில் நனைந்து, ஒருவரோடொருவர் நெருக்கியடித்துக்கொண்டு, கம்பிகளின் மீது காதுகளைப் பதித்திருந்தார்கள். அனைவருடைய கண்களும் மூடியிருந்தன. திறந்த வாய்களுக்குள் மழைநீர் ஒழுகி நிறைந்து, மோவாயின் வழியே வழிந்தது. ஒருவரும் விழுங்கவில்லை. ஒருவரும் மூச்சு விடவில்லை.

அவளுடைய அடுத்த சொல்லுக்காக அவர்கள் காத்திருந்தார்கள்.